விடை காணாத ஜெபங்கள்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

கிறிஸ்தவ வாழ்வில் சில ஜெபங்கள் ஏன் விடை காணாமற் போகின்றன என்பது பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். இக்கேள்வியை நம் இளைஞர்கள் ஆலயத்தினுள் கேட்பதில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபின், மரத்தடியில் நின்று, தாழ்ந்த குரலிற் கேட்கின்றனர். வேலைக்காக ஜெபித்தோம், கிடைக்கவில்லை. நோயுற்ற தாய்க்காக உபவாசமிருந்தோம், தாய் பிழைக்கவில்லை. கேட்போர் பெறுவர் என்று போதித்தீர்களே, எங்கே பெற்றோம் என்று கேட்கின்றனர். இது அவிசுவாசத்தின் கேள்வியன்று. வீட்டில் ஆளில்லை என்று கருதுகிறவன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஆகவே இக்கேள்வியைக் கடிந்துகொள்ளாமல், மதித்து விடை தேடுவது நமது கடமை.

இக்கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்றுண்டு. “உன் விசுவாசம் போதாது” என்பதே அது. சொல்வதற்கு எளிது, கேட்பவனுக்கோ அது வெந்த புண்ணில் பாய்ச்சிய வேல். வேதாகமம் இவ்விடையை ஏற்கின்றதா என்று பார்ப்போம். அப்போஸ்தலனாகிய பவுல் தம் உடலில் தைத்த முள் நீங்க மூன்று முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் கிருபையே அருளப்பட்டது. நாற்பது ஆண்டுகள் மக்களை நடத்திவந்த மோசே, யோர்தானைக் கடந்து அந்நல்ல நாட்டைக் காண வேண்டினார். மலையுச்சியிலிருந்து பார்க்க மட்டுமே அனுமதி கிடைத்தது. எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல். அதில் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் உள்ளனர். கல்லெறியுண்டு, வாளால் அறுப்புண்டு மாண்டவர்களும் உள்ளனர். இருசாராரையும் விசுவாசத்தில் நற்சாட்சி பெற்றோர் என்றே அந்நிருபம் கூறுகின்றது. தப்பியவர் விசுவாசம் பெரிது, மாண்டவர் விசுவாசம் சிறிது என்று அங்கே எழுதப்படவில்லை.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக விளங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 ஆம் ஆண்டு தவறி விழுந்து காயமுற்றார். அதன்பின் 1951 இல் மறையும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே வாழ்ந்தார். அவர் நலம்பெற வேண்டினோர் பலர். அந்த அறையிலிருந்தே அவர் நூல்கள் பல எழுதினார்; உடல்நலம் மட்டும் திரும்பவில்லை. அவ்வம்மையாருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல நம்மில் யாருக்குத் துணிவுண்டு?

இனி, நம் ஜெபங்களை நாமே ஆராய வேண்டிய இடமும் உண்டு. செபெதேயுவின் குமாரர்களுடைய தாய், தன் மக்கள் இருவருக்கும் வலப்புறமும் இடப்புறமும் ஆசனம் வேண்டினாள். மற்றவர்க்கு மேலே நிற்க விரும்பும் அவ்வேண்டுதலை ஆண்டவர் ஏற்கவில்லை. பாடம் படிக்காமல் தேர்ச்சிக்காக முழந்தாளிடும் தம்பியின் வேண்டுதலும் இத்தகையதே.

கேட்டது மறுக்கப்பட்டு, அதனினும் பெரியது அருளப்படுவதும் உண்டு. கி.பி. 383 இல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த கார்த்தேஜ் நகரில், தன் மகன் கடல் கடந்து ரோமாபுரிக்குப் போய்விடக் கூடாதென்று மோனிக்கா என்னும் விதவைத்தாய் ஓரிரவு முழுவதும் அழுது ஜெபித்தாள். அவ்விரவிலேயே மகன் அவளை ஏமாற்றிவிட்டுக் கப்பலேறினான். ஆனால் அந்தப் பயணமே அவனை மிலான் நகருக்கும், அங்கிருந்த அம்புரோஸ் ஆயரிடத்துக்கும் கொண்டு சேர்த்தது. 387 இல் அவன் ஞானஸ்நானம் பெற்றான். அவனே திருச்சபையின் பேராசானாக விளங்கிய அகஸ்தீன். அன்றிரவு தாய் கேட்டது கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் அவள் கேட்டுவந்தது கிடைத்தது.

எனினும், எல்லாத் துயரத்தையும் இந்த ஒரு கதையால் ஆற்றிவிட முடியாது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயிடம், “இதனினும் பெரியது வரும்” என்று சொல்லலாமா? ஆகவே நாம் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும். கெத்செமனே தோட்டத்திற்குச் செல்வோம்.

அந்த இரவில் ஆண்டவராகிய இயேசு ஒரு வேண்டுதல் செய்தார் என்றே நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அவர் இரண்டு வேண்டுதல்கள் செய்தார். ஒன்று பிதாவை நோக்கியது: கூடுமானால் இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டுமென்பது. மற்றொன்று மனிதரை நோக்கியது: பேதுருவும் செபெதேயுவின் குமாரர் இருவரும் தம்மோடு விழித்திருக்க வேண்டுமென்பது. முதல் வேண்டுதலை மூன்று முறை செய்தார், பாத்திரம் நீங்கவில்லை. இரண்டாம் வேண்டுதலும் நிறைவேறவில்லை. அதற்குக் காரணம் பரலோகத்தின் மௌனமன்று; சீடர்களின் உறக்கம். ஒரு மணிநேரம் விழித்திருக்க அவர்களால் இயலவில்லை.

தம்பிமார்களே! விடை காணாத ஜெபங்கள் இவ்விரு வகையின என்பதே நாம் இன்று சொல்ல வந்த செய்தி. கடவுளின் ஞானத்தில் மறைந்து நிற்கும் ஜெபங்கள் உண்டு. மனிதரின் உறக்கத்தில் தங்கிவிட்ட ஜெபங்களும் உண்டு. இரண்டாம் வகையை முதலாம் வகையெனச் சொல்லித் தப்பித்துக்கொள்வது, கடவுள்மேல் பழி சுமத்துவதாகும்.

யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அறுவடை செய்த கூலியாட்களைப் பற்றிப் பேசுகிறார். அவர்கள் கூக்குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் ஏறிவிட்டது என்கிறார். அப்படியானால் ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. கூலி எங்கே? அது நிலக்கிழாரின் களஞ்சியத்தில் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. ஏழையின் கூக்குரலுக்குச் செவியை அடைத்துக்கொள்பவன் தானும் கூப்பிடுவான், கேட்கப்படமாட்டான் என்பது நீதிமொழிகளின் எச்சரிக்கை. விரித்த கைகளில் இரத்தம் இருக்கையில் எத்தனை ஜெபம் செய்தாலும் கேட்கமாட்டேன் என்று ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் கர்த்தர் உரைக்கிறார். ஒரே பந்தியில் அப்பம் உண்டபின், கல்லறைத் தோட்டத்திற்கு நடுவே சுவர் எழுப்பிய சபைகள் இவ்வசனங்களை எப்படி வாசித்தன என்பது நமக்கு விளங்கவில்லை.

நம் மக்களின் நெடுநாள் வேண்டுதல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1950 ஆகஸ்டு 10 இல் வெளியான பட்டியல் சாதியினர் ஆணை, கிறிஸ்தவரான நம் மக்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956 இல் சீக்கியரும், 1990 இல் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். 2007 இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், சமயத்தைக் கொண்டு விலக்கும் பிரிவையே நீக்கிவிடுமாறு பரிந்துரைத்தது. 2022 இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. இதற்காக நம் ஆலயங்களில் ஏறெடுத்த ஜெபங்களுக்குக் கணக்கில்லை. அவை விண்ணுக்கு எட்டவில்லை என்று சொல்வோமா, மண்ணில் கோப்புகளுக்கிடையே கிடந்தன என்று சொல்வோமா?

பிறர் உறக்கத்தைச் சுட்டிய நாம் நம் வீட்டு உறக்கத்தையும் சுட்ட வேண்டும். மனைவியைக் கனம்பண்ணாத கணவனின் ஜெபம் தடைப்படும் என்று பேதுரு எழுதினார். “நான் மேலே படிக்க வேண்டும்” என்று இரவில் அழுது ஜெபிக்கும் மகளுக்குரிய விடை, பல வேளைகளில் அடுத்த அறையில் உறங்கும் தந்தையின் கையில் இருக்கிறது. ஊரில் ஒரு பையனின் கல்லூரிக் கட்டணத்திற்கான ஜெபம், நகரத்தில் உத்தியோகம் பெற்று ஊரை மறந்த அண்ணனின் சட்டைப்பையில் இருக்கிறது.

எகிப்தில் அடிமைகளாயிருந்தோர் பெருமூச்செறிந்து முறையிட்டபோது கர்த்தர் என்ன செய்தார்? கேட்டேன் என்றார், இறங்கினேன் என்றார், உடனே மோசேயை நோக்கி, போ என்றார். தலைமுறை தலைமுறையாக எழும்பிய ஜெபத்திற்குப் பதிலாக வந்தவர் எண்பது வயதான ஒரு மேய்ப்பர். அவரும் வேறு யாரையாவது அனுப்பும் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தார். அவர் மறுத்தே இருந்திருந்தால், எங்கள் ஜெபம் கேட்கப்படவில்லை என்றே அம்மக்கள் எண்ணியிருப்பர். எழுதப்படிக்க அறியாத நம் பாட்டிமார், பிள்ளைகளேனும் படிக்க வேண்டுமென்று செய்த ஜெபத்திற்கும் விடை இவ்வாறே வந்தது. யாரோ சிலர் எழுந்தார்கள், வீடு வீடாகச் சென்றார்கள், காசு சேர்த்தார்கள், பள்ளிக்கு அனுப்பினார்கள். இச்சங்கத்தின் வெள்ளி விழாவுக்கு அதனினும் சிறந்த பொருள் வேண்டுவதில்லை.

இவையனைத்தையும் சொன்ன பின்னும், விளக்க முடியாத ஜெபங்கள் எஞ்சி நிற்கின்றன. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளைச் சொல்லியே முடிகிறது. ஆறுதல் வரியொன்றும் அதன் கடைசியில் சேர்க்கப்படவில்லை. அப்படிப்பட்ட மன்றாட்டுக்கும் வேதாகமத்தில் இடம் உண்டு. அவ்விடத்தில் நாம் செய்யத்தக்கது யாது? யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாதிருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து, உன் குற்றமே காரணம் என்று விளக்கத் தொடங்கியபோதுதான் தவறினர். இறுதியில் கர்த்தர் கோபங்கொண்டது முறையிட்ட யோபுவின்மேல் அன்று. விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்.

ஆகவே, விடை காணாத ஜெபத்தோடு ஒருவன் நம்மிடம் வரும்போது இரண்டு கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இந்த ஜெபத்திற்குரிய விடை நம் கையில் இருக்கின்றதா? இருந்தால், காலந்தாழ்த்தாமல் கொடுத்துவிடுவோம். நம் கையில் இல்லையா? அப்படியானால் விளக்கம் சொல்ல முந்தாமல், அவனருகே அமர்ந்து, அந்த ஒரு மணிநேரம் விழித்திருப்போம். பாத்திரத்தை நீக்கும் வல்லமை நமக்கு இல்லை. விழித்திருக்கும் கடமை நமக்கு உண்டு.