ஒரு பாத்தியளவு பண்ணை

(ஆலயத் திருவிழாவை ஒட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பூன் லே பேருந்து நிலையத்தில் நாள்தோறும் பல்லாயிரவர் ஏறி இறங்குகின்றனர். அவ்வட்டாரத்திற்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று வினவினால் பெரும்பாலோர் விடையறியாது நிற்பர். அஃது ஒரு தோட்டக்காரரின் பெயர். சீனத்திலிருந்து வந்து, ஜூரோங் பகுதியில் காம்பியரும் மிளகும் பயிரிட்டு, பின்னர் இரப்பர்த் தோட்டம் அமைத்து, 1933ஆம் ஆண்டில் மறைந்த சியூ பூன் லே என்பவரே அவர். இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்து விளங்கும் ஊர் ஒரு காலத்தில் உழவு நடந்த மண் என்பதற்கு அப்பெயர் ஒன்றே சான்றாக எஞ்சியுள்ளது. ஒரு குடும்பம் சிறு பண்ணை ஒன்றைத் தொடங்கி, விளைந்ததை உண்டு மகிழ்வது இத்தீவில் இயலுமா என்னும் வினாவை ஆராய்வதற்குப் பூன் லேயைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

முதலில் அப்பழைய தோட்டங்களைக் காண்போர்க்கு ஒரு பாடம் உண்டு. காம்பியர் என்பது தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்ட ஒரு செடி. அதன் இலைகளைப் பெரிய கொப்பரைகளில் இட்டு, நெடுநேரம் கொதிக்கவைத்துச் சாறு இறக்குவர். அதற்கு விறகு வேண்டும். விறகுக்குக் காட்டை வெட்ட வேண்டும். கொதித்த இலைச் சக்கையை மிளகுக் கொடிக்கு உரமாக இட்டனர். அதனால் இவ்விரு பயிர்களும் இணைந்தே வளர்ந்தன. ஆயினும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் களைத்துவிடும். காடும் தீர்ந்து, மண்ணும் சோர்ந்தபின் தோட்டக்காரர்கள் அடுத்த இடம் தேடிச் சென்றனர். சுவா சூ காங், லிம் சூ காங் முதலிய பெயர்களில் உள்ள 'சூ காங்' என்னும் சொல், அக்காலத்தில் ஆற்றங்கரைத் தோட்டங்களை ஆண்ட தலைவர்களை நினைவூட்டுவது. மண்ணிடமிருந்து எடுப்பதை மட்டும் அறிந்து, திருப்பிக் கொடுக்க அறியாத உழவு நிலைக்காது என்பதே அவ்வரலாறு கூறும் முதற்பாடம்.

இந்தியர்க்கும் இத்தீவின் உணவு விளைவித்தலில் பங்குண்டு. லிட்டில் இந்தியாவில் இன்றும் வழங்கும் எருமைச் சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் அங்கே மாட்டுக் கொட்டகைகள் இருந்ததைப் பறைசாற்றும். கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்த் தொடருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள். பால் கறந்து வீடுதோறும் கொண்டு சென்று அளந்து ஊற்றிய இந்தியப் பால்காரர்களைத் தேக்காவின் முதியோர் இன்னும் நினைவுகூர்வர். இன்றோ, பொங்கற் காலத்தில் கேம்பல் லேனில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டும்போதுதான் குழந்தைகள் பலர் பசுவை முதன்முதலாகக் காண்கின்றனர்.

இரண்டாம் பாடம் போர்க்காலத்தில் கிடைத்தது. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. வீட்டு முற்றங்களிலும் திடல்களிலும் உபிக்காயு எனப்படும் மரவள்ளியும், வள்ளிக் கிழங்கும், கீரையும் பயிராயின. பலருடைய உயிரைக் காத்தது மரவள்ளியே. நகர மக்களை மலாயாவில் குடியேற்றி உழவர்களாக்கும் திட்டமும் அக்காலத்தில் தீட்டப்பட்டது. ஜொகூரின் எண்டாவிற்குச் சீனர் பலர் சென்றனர். நெகிரி செம்பிலானில் உள்ள பாஹாவ் என்னுமிடத்திற்கு யுரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் சென்றனர். எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் வாழ்ந்த அவர்கள் காடு திருத்தி விதைக்க முற்பட்டனர். மண் வளமற்றது, மலேரியாவோ கொடியது. உணவும் மருந்தும் போதவில்லை. பாஹாவில் பலர் மாண்டனர். குடியேற்றத்தை முன்னின்று நடத்திய ஆயர் டெவால்ஸ், வேலைக் கருவியால் நேர்ந்த காயத்தின் வழி இழுப்புநோய் கண்டு 1945 ஜனவரியில் மறைந்தார். நல்லெண்ணமும் உழைப்பும் இருந்தும் மண்ணை அறியாது தொடங்கிய உழவு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை. பண்ணை தொடங்க விழைவோர் சிறிதாகத் தொடங்குக என்று பெரியோர் கூறுவது அச்சத்தினால் அன்று, அறிவினால்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1960களில் சிங்கப்பூரில் ஏறத்தாழ 20,000 பண்ணைகள் 14,000 ஹெக்டேர் நிலப்பரப்பில் இயங்கின. அவற்றுட் பெரும்பாலானவை குடும்பப் பண்ணைகள். பன்றி, கோழி, முட்டை ஆகியவற்றில் நாடு தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்ட காலம் அது. ஜூரோங்கின் சதுப்பு நிலங்களில் இறால் குளங்கள் இருந்தன. 1961இல் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணிகள் தொடங்கியபோது குன்றுகள் சமமாக்கப்பட்டன, சதுப்புகள் தூர்க்கப்பட்டன. வீடமைப்புக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் நிலம் தேவைப்பட்டது. நீர்நிலைகள் மாசுபடுதலைத் தடுக்கவும் நிலத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் கருதி, பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தும் முடிவை அரசாங்கம் 1984இல் அறிவித்தது.

இம்மாற்றத்தைக் குறைகூறுவது எளிது, ஆயின் முறையன்று. தொழிற்சாலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை தந்தன. அத்தாப்புக் கூரையின் கீழ் வாழ்ந்தோர்க்கு மின்விளக்கும் குழாய்நீரும் உடைய வீடுகள் கிடைத்தன. இழப்பு வேறோர் இடத்தில் நேர்ந்தது. எந்த மழைக்கு முன் விதைப்பது, எந்தப் பூச்சிக்கு எந்தச் சாம்பல் தூவுவது, எப்போது பறித்தால் கீரை இளசாக இருக்கும் என்னும் கையறிவு, தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் செல்லாமல் நின்றுபோயிற்று. நிலம் போனால் வேறு நிலம் தேடலாம். கையறிவு போனால் அதனை மீட்க ஒரு தலைமுறை வேண்டும்.

காலத்திற்கேற்பத் தொழிலை மாற்றிக்கொண்டு உழவை விடாது காத்த குடும்பங்களும் உண்டு. பன்றி வளர்ப்பில் ஈடுபட்டிருந்த ஹே குடும்பத்தினர், அத்தொழில் முடிவுக்கு வந்தபோது ஆடு வளர்ப்பிற்கு மாறி, 1988இல் ஹே டெய்ரீஸ் என்னும் ஆட்டுப்பால் பண்ணையை நிறுவினர். லிம் சூ காங்கில் அமைந்த அப்பண்ணைக்குப் பால் கறப்பதைக் காண்பதற்கென்றே பள்ளிப் பிள்ளைகள் சென்றுவந்தனர். கிராஞ்சியில் 2000ஆம் ஆண்டளவில் ஐவி சிங்-லிம்மும் அவர்தம் கணவரும் பாலிவுட் வெஜ்ஜிஸ் என்னும் தோட்டத்தைத் தொடங்கினர். அங்கே விளைந்தது அங்கேயே சமைத்துப் பரிமாறப்பட்டது. தோட்டமும் உணவகமும் ஒருங்கே அமைந்தால், உண்போர் விளைநிலத்தைக் கண்ணால் கண்டு உண்பர் என்பதே அம்முயற்சியின் சிறப்பு.

ஆயினும் உழவரின் பாதை இன்றும் கரடுமுரடானதே. சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கிறது. 2022 ஜூன் முதல் நாளன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினை அங்கிருந்து பெற்றுவந்த இந்நாட்டின் சந்தைகளில் உடனே தட்டுப்பாடு தோன்றிற்று. 2030ஆம் ஆண்டுக்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிக்கும் இலக்கு 2019இல் வகுக்கப்பட்டது. மின்கட்டணமும் கூலியும் உயர, மலிவான இறக்குமதியோடு போட்டியிட முடியாமல் புதிய பண்ணைகள் சில மூடப்பட்டன. 2023இல் உள்நாட்டு விளைச்சல் முட்டையில் ஏறத்தாழ 32 விழுக்காடாகவும், கடலுணவில் 7 விழுக்காடாகவும், காய்கறியில் 3 விழுக்காடாகவும் இருந்தது. 2025 நவம்பரில் பழைய இலக்கு கைவிடப்பட்டு, 2035ஆம் ஆண்டுக்குள் காய்கறி முதலிய நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடும், முட்டை முதலிய புரத உணவில் 30 விழுக்காடும் என்னும் புதிய இலக்குகள் அறிவிக்கப்பட்டன.

இவ்வெண்கள் உணர்த்தும் மூன்றாம் பாடம் யாது? விளைவிப்பவர் மட்டும் இருந்தால் பண்ணை வாழாது; விரும்பி வாங்குபவரும் வேண்டும். சந்தையில் உள்ளூர்க் கீரைக் கட்டு சில காசு கூடுதலாக இருப்பினும் அதனை எடுப்பவரே அப்பண்ணையின் பாதி உழவர். தன் கையால் ஒரு பிடிக் கீரை விளைவித்தவர்க்கே அந்தச் சில காசின் நியாயம் விளங்கும். எனவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு பாத்தியளவேனும் பயிரிட வேண்டும் என்பது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய பேச்சன்று.

இடமில்லையே என்று கூறுவோர்க்கு விடை உண்டு. தேசியப் பூங்காக் கழகம் தீவின் பல பூங்காக்களில் பாத்திகளைக் குறிப்பிட்ட காலத்திற்குக் கட்டணத்திற்கு விடுகிறது. அத்தகைய பாத்தி ஒன்று 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடையது. 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் கீழ், அடுக்குமாடிகளின் அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அமைந்துள்ளன. வீட்டு நடைபாதையில் தொட்டி வைப்போர், தீ நேர்ந்தால் மக்கள் வெளியேறுவதற்கு 1.2 மீட்டர் வழி விட்டு வைத்தல் வேண்டும். தட்டுகளில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகி டெங்கி பரவும். ஆதலின் தேங்கிய நீரை உடனுக்குடன் கொட்டிவிடுதல் கடமை.

எதனை விதைப்பது? இத்தீவின் தட்பவெப்பத்திற்கு இயல்பானவற்றையே முதலில் தேர்தல் அறிவுடைமை. ஆண்டு முழுவதும் மழையும், ஏறத்தாழ 12 மணி நேரப் பகலும் உள்ள இங்கே, கங்கோங் எனப்படும் வள்ளைக்கீரையும், பயாம் எனப்படும் முளைக்கீரையும் மூன்று நான்கு வாரங்களில் பறிக்கும் பருவம் அடையும். வெண்டை ஏறத்தாழ ஐம்பது நாள்களில் காய்க்கும். தவசிக்கீரையும் பசலையும் குச்சி நட்டாலே தழைக்கும். ஒரு கறிவேப்பிலைச் செடியும், ஒரு கொத்துப் பண்டானும், ஒரு பிடி செராயும் இருந்துவிட்டால் சமையலறைக்குக் குறைவில்லை. முட்டைக்கோசு, காரட் போன்ற குளிர்நிலப் பயிர்களைத் தொடக்கத்திலேயே முயன்று மனம் சோர்தல் வேண்டா.

திருக்குறளின் 104ஆம் அதிகாரம் உழவு. உழுவதைவிட எருவிடுதல் நன்று என்றும், களையெடுத்தபின் நீர் பாய்ச்சுவதைவிடக் காவல் நன்று என்றும் வள்ளுவர் அங்கே வரிசைப்படுத்தியுள்ளார். உரியவன் நாளும் சென்று பாராவிட்டால் நிலம் ஊடிக்கொள்ளும் என்பதும் அவர் கருத்து. பெருநிலத்திற்குக் கூறிய அது தொட்டிக்கும் பொருந்தும். காய்கறித் தோலையும் உலர்ந்த இலையையும் அடுக்கடுக்காக இட்டு மக்கவைத்தால், கழிவென எறிந்தது எருவாகித் திரும்பும். காம்பியர்த் தோட்டக்காரர் மறந்த கடனை அடைக்கும் வழி இதுவே.

விதையைப் பகிர்தலும் ஒரு பண்பாடு. திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் அவர்கள், உழவர் ஒருவர்க்கு மரபு நெல் விதை 2 கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெற்று, அதனை வேறு உழவர்க்கு வழங்கினார். அவ்வாறு 170க்கும் மேற்பட்ட நெல் வகைகளை மீட்டெடுத்து, 2018 டிசம்பரில் மறைந்தார். பூன் லேயின் ஒரு மாடியில் விளைந்த வெண்டை விதை அடுத்த மாடிக்குச் சென்று, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தின் சாம்பாலிலும் சீனக் குடும்பத்தின் வாணலியிலும் விளைச்சலாகித் திரும்புமானால், அதுவும் அத்தகைய அறமே ஆகும்.

பறித்த ஒரு மணி நேரத்திற்குள் உலையேறும் கீரையின் சுவை, குளிரூட்டிய கொள்கலத்தில் பயணம் செய்த கீரைக்கு வாராது. பாசிப்பருப்போடு மசித்த முளைக்கீரை, பூண்டு தட்டிப்போட்டு வதக்கிய கங்கோங், உள்ளூர் முட்டையில் கறிவேப்பிலை கிள்ளிப்போட்ட பொரியல் ஆகியவற்றிற்கு மேல் விருந்து ஒரு குடும்பத்திற்கு வேண்டுமோ? அக்கீரையை நட்ட சிறுவன், கீரை வேண்டாம் என்று தட்டை விலக்கமாட்டான் என்பதைத் தாய்மார்கள் விரைவில் காண்பர்.

ஒரு பாத்தி நாட்டின் உணவுக் கவலையைத் தீர்க்காது, உண்மை. ஆனால் அறுந்துபோன கையறிவை ஒரு பாத்தியே மீண்டும் முடிச்சிடும். தாத்தா பாட்டியின் நினைவில் அவ்வறிவு இன்னும் உயிரோடு இருக்கும்போதே பேரப்பிள்ளைகள் அவர்கள் அருகில் அமர்ந்து ஒரு விதையை ஊன்றக் கற்றல் வேண்டும். காலம் கடந்தபின் கற்பிக்க ஆளிருக்காது. ஒரு தோட்டக்காரரின் பெயர் தாங்கிய ஊரில், இல்லந்தோறும் ஒரு சிறு தோட்டம் பசுமையுறத் தழைப்பதாக!