ஜன்னலோர வெளிச்சம்
(நமது அறக்கட்டளை மன்றத்தில் நடந்த கைப்பேசிப் படப் பயிற்சியில் செயலாளர் ஆற்றிய உரை)



படம் எடுப்பதைப் பற்றிப் பேச அறக்கட்டளைச் செயலாளருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சென்ற ஆண்டு ஒரு மகளின் கல்வி உதவி விண்ணப்பத்துக்கு மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்து ஏற்றியவன் நான்தான். லேமினேட் செய்த தாள். மொட்டைமாடி வெயிலில் வைத்து எடுத்தேன். மொத்த மதிப்பெண் இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு. எண்கள் தெரியவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தபோது கடைசித் தேதி கடந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் உம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகே வெளிச்சத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். சூரியன், பல்பு, ஃபிளாஷ் இவற்றிலிருந்து நேராக வந்து விழுவது நேரடி வெளிச்சம். சுவரில் பட்டோ மேகத்தில் பரவியோ வருவது மறைமுக வெளிச்சம். தானே ஒளிரும் பொருளின் வெளிச்சம் வேறு, அதை வாங்கித் தரும் பொருளின் வெளிச்சம் வேறு என்று பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பே ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் பிரித்துக் காட்டியிருக்கிறார். மதரஸாவில் ஓதிய காலத்தில் அவர் பெயரைக் கேட்டிருக்கிறேன். மதிப்பெண் பட்டியலுக்கு உதவுவார் என்று நினைக்கவில்லை.

நேரடி வெளிச்சத்தில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். ளுஹர் நேரத்து வெயிலில் நிறுத்தினால் கண்குழிகள் கருத்துப்போகும். முக்காட்டின் ஓரம் நெற்றியில் கோடு போடும். பாஸ்போர்ட் படத்தில் முக்காடு இருக்கலாம், ஆனால் நெற்றியிலிருந்து தாடை வரை முகம் நிழலின்றித் தெரிய வேண்டும். ஆகவே வெயில் நேராக விழாத ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள். ஜன்னல் முழுவதுமே விளக்காகிவிடும். ஒரு கன்னம் இருண்டால் அந்தப் பக்கம் வெள்ளை விரிப்பைப் பிடியுங்கள். வெள்ளைதான் வேண்டும். நம் வீடுகளில் பச்சைச் சுவருக்குப் பஞ்சமில்லை. அதில் பட்டு வரும் வெளிச்சம் மாப்பிள்ளை முகத்தையும் பச்சையாக்கிவிடும்!

பளபளப்பான தாள் கண்ணாடி மாதிரி. வெளிச்சம் எந்தச் சாய்வில் விழுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். அந்த வழியில் கைப்பேசி இருந்தால் வெள்ளைத் திட்டுதான். ஃபிளாஷையும் தலைக்கு மேலுள்ள குழல்விளக்கையும் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி தாளை மேசையில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். பிறகு பெரிதாக்கி ஒவ்வொரு எண்ணையும் வாசித்துப் பாருங்கள். அன்று நான் அதைச் செய்யவில்லை.

நேரடி வெளிச்சம் ஆகாது என்று சொல்லவரவில்லை. கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளியின் கல் வேலைப்பாடு போன்றவற்றை எடுக்கச் சாய்ந்த வெயில்தான் வேண்டும். நிழல் விழுந்தால்தான் செதுக்கல் தெரியும்.

அலுவலகத்தின் கிழக்கு ஜன்னலோரம் மேசை போட்டிருக்கிறோம். காலையில் அங்கே வெயில் அடிக்கும். ளுஹருக்குப் பிறகு அசல் தாள்களுடன் வாருங்கள். அந்த மகள் இந்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கிறார். அவருடைய தாளைத்தான் முதலில் எடுக்கப்போகிறோம்.