உறுதி எண்ணும் வழக்க எண்ணும்

சிங்கப்பூரின் மேற்கே உள்ளது ஜூரோங். ஒரு காலத்தில் அங்கே சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும் நம்முடையவை போன்ற ரப்பர்த் தோட்டங்களும் இருந்தன. 1961-இல் அரசாங்கம் அதைத் தொழிற்பேட்டையாக்கத் தொடங்கியது. பின்னாளில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போனார்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அங்கே ஓர் ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறார். விடுமுறைக்கு வந்தவர் முகவாட்டத்தோடு சொன்னார்: “சார், ஒரு பழைய இயந்திரத்தில் சில்லு ஒன்றை மாற்றினேன். மேசையில் சோதித்தபோது நன்றாக வேலை செய்தது. இயந்திரத்தில் பொருத்தினால் ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் நிற்கிறது. பழி என்மேல் விழுந்துவிட்டது.”

சில்லுக்கான தகவல் தாளை இருவரும் விரித்துப் பார்த்தோம்.

சில்லுக்குத் தெரிந்தவை ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டே சொற்கள். அவற்றை அது மின்னழுத்தத்தால் அறிகிறது. 5 வோல்ட்டில் இயங்கும் டி.டி.எல். வகைச் சில்லு, 0.8 வோல்ட் வரை வருவதை ‘இல்லை’ என்றும், 2 வோல்ட்டும் அதற்கு மேலும் வருவதை ‘ஆம்’ என்றும் கட்டாயம் எடுத்துக்கொள்ளும். இது தயாரிப்பாளர் தரும் உறுதி. இடைப்பட்ட அளவுக்கு எந்த உறுதியும் இல்லை.

அதே வகைச் சில்லு ‘ஆம்’ என்று அனுப்பும்போது குறைந்தது 2.4 வோல்ட் தரும் என்பதும் உறுதி. கேட்பது 2, கிடைப்பது 2.4. மிச்சமுள்ள 0.4 வோல்ட், கம்பியில் வந்து சேரும் மின் இரைச்சலைத் தாங்குவதற்கு.

தாளில் 3.4 வோல்ட் என்று இன்னோர் எண்ணும் இருக்கிறது. அது வழக்கமாகக் கிடைக்கும் அளவு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

தாய்மார்களே, உங்களுக்கு இது புதிதல்ல. பால் நன்றாக இறங்கும் மாதத்தில் சம்பளம் கூடுதலாக வரும். அதை நம்பி மாதாமாதம் கட்டும் கடனை வாங்குவீர்களா? மழை மாதத்திலும் கைக்கு வரும் என்று உறுதியான தொகையை வைத்துத்தானே குடும்பக் கணக்குப் போடுவீர்கள்? சில்லுக்கும் அதே கணக்குத்தான். சூடு மாறினாலும், சுமை கூடினாலும், எந்தச் சில்லைக் கையில் எடுத்தாலும் செல்லுவது உறுதி எண் ஒன்றே.

நம் மாணவர் செய்த பிழை ஓர் எழுத்தில் இருந்தது. பழைய சில்லு ஹெச்.சி.டி. வகை. அதற்கு 2 வோல்ட் போதும். அவர் போட்டது ஹெச்.சி. வகை. கால்கள் ஒன்றே, வேலையும் ஒன்றே. ஆனால் 5 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3.5 வோல்ட் கேட்கும். அனுப்பும் டி.டி.எல். சில்லு உறுதியாகத் தருவதோ 2.4 தான். மேசையில் ஓடியது அன்றைய நல்ல காலம். ஹெச்.சி.டி. சில்லைத் திரும்பப் போட்டதும் இயந்திரம் நிற்கவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. தாளின் முன்பகுதியில் ‘உச்ச வரம்பு’ என்று சில எண்கள் இருக்கும். பழைய டி.டி.எல். சில்லுக்கு மின்வழங்கல் வரம்பு 7 வோல்ட். அது சில்லு கெடாமல் தாங்கும் எல்லை. வேலை செய்யும் அளவன்று. வேலைக்கு உரியது 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான்.

ஆகவே, தொழில் கற்கும் பிள்ளைகளே, ஒருமுறை ஓடியதை மட்டும் நம்பாதீர்கள். அனுப்பும் சில்லின் குறைந்த அளவையும், வாங்கும் சில்லின் தேவையையும் அருகருகே எழுதிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் பொருத்துங்கள்.