மாநகர் ஓசையும் சிற்றூர் அமைதியும்

(நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மாநகரின் நெரிசலும் சிற்றூரின் அமைதியும் பற்றியது. மும்பை மாநகரில் வாழும் தமிழ் மக்களாகிய நமக்கு இஃது ஏட்டில் படித்தறியும் பொருள் அன்று. நாள்தோறும் தோள் இடிபட்டு உணரும் பொருள். தாராவியிலும் மாட்டுங்காவிலும், செம்பூரிலும் முலுண்டிலும், டோம்பிவிலியிலும் கல்யாணிலும் குடியிருக்கும் நம்மில் பலருக்கு முகவரிகள் இரண்டு உண்டு. கடிதம் வந்து சேரும் முகவரி ஒன்று. மனம் சென்று சேரும் முகவரி மற்றொன்று. பணியிலிருந்து ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது: 'இங்கேயே இருந்துவிடுவதா, ஊருக்குப் போய்விடுவதா?' கணவன் ஒன்று சொல்ல, மனைவி வேறொன்று சொல்ல, பிள்ளைகள் மூன்றாவது ஒன்று சொல்லும் கேள்வி இது. இரு பக்கத்தையும் தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பது இவ்வேளையில் பயனுடையதாகும்.

முதலில் நகரத்தைப் பார்ப்போம். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் தூரம் பயணிகள் ரயில் ஓடிற்று. 1874-இல் குதிரைகள் இழுத்த டிராம் வந்தது. 1907-இல் மின்சார டிராம் வந்தது. 1925-இல் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. டிராம் வண்டிகள் 1964 மார்ச் 31-ஆம் நாளோடு விடைபெற்றன. பின்னர் 2009-இல் பாந்திரா–வொர்லி கடற்பாலமும், 2014-இல் மெட்ரோ ரயிலும், 2024-இல் கடல்மீது நீண்டு செல்லும் அடல் சேதுவும் வந்தன. இவை ஒவ்வொன்றும் 'இனித் தூரம் குறையும். நெரிசல் தீரும்' என்ற வாக்குறுதியோடு வந்தவையே. ஆனால் நடந்தது என்ன? வழி வசதியானவுடன் மக்கள் இன்னும் தொலைவில் குடியேறினர். சாலை அகன்றவுடன் வண்டிகள் பெருகின. தானேயில் முடிந்த பயணம் கல்யாணைத் தாண்டி நீண்டது. வாய்க்காலை அகலப்படுத்தினால் மட்டும் போதாது, நீர் வரத்தையும் கணக்கிட வேண்டும் என்பது நம் ஊர் உழவனுக்குத் தெரிந்த உண்மை.

இந்நகரத்து மின்சார ரயில்களில் கொரோனா நோய்க்கு முந்தைய ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 லட்சம் பேர் பயணம் செய்தனர். காலை, மாலை வேளைகளில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்கின்றனர் என்று ரயில்வே வட்டாரங்களே கணக்கிட்டுள்ளன. ஒரு சதுர மீட்டர் என்பது நம் வீட்டு வாசலில் இடும் ஒரு சிறு கோலத்தின் பரப்பு. அதில் பதினான்கு பேர் நிற்பதை எண்ணிப் பாருங்கள்!

காலக் கணக்கும் போட்டுப் பார்ப்போம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று ஒருவர் நாளுக்கு மூன்று மணி நேரம் வழியில் செலவிடுகிறார் என்று கொள்வோம். ஆண்டில் 300 நாள் வேலைக்குச் சென்றால் 900 மணி நேரம். அதாவது முப்பத்தேழரை முழு நாட்கள். முப்பது ஆண்டு உத்தியோகத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல், இரவும் பகலும் சேர்த்து, வழியிலேயே கழிந்துவிடுகின்றது. குழந்தை விழிப்பதற்கு முன் புறப்பட்டு, அது உறங்கிய பின் திரும்பும் தந்தையர் எத்தனை பேர்! அலுவலகம் சென்று திரும்பி, அடுப்பங்கரையில் மறுபடி ஒரு வேலை நாளைத் தொடங்கும் தாய்மார் எத்தனை பேர்!

காலம் மட்டுமா போகின்றது? 2017 செப்டம்பர் 29-ஆம் நாள், மழை பெய்த ஒரு காலை வேளையில், அன்று எல்பின்ஸ்டன் ரோடு என்றும் இன்று பிரபாதேவி என்றும் வழங்கும் நிலையத்தின் நடைபாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் மாண்டனர். 2025 ஜூன் 9-ஆம் நாள் மும்பிரா அருகே, எதிரெதிரே சென்ற வண்டிகளின் வாயிலில் தொங்கிக்கொண்டு சென்றவர்கள் விழுந்து உயிரிழந்தனர். இவை செய்தித்தாளில் பெரிய எழுத்தில் வந்தவை. பெரிய எழுத்தில் வராமல் இந்நகரின் தண்டவாளங்களில் ஆண்டுதோறும் மறைவோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். காலையில் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சென்றவர் மாலையில் திரும்புவது பெரும்பேறு என்ற நிலை ஒரு நாகரிகச் சமுதாயத்துக்கு அழகாகாது.

அடுத்து ஓசையைப் பார்ப்போம். ஒலி மாசு பற்றி 2000-ஆம் ஆண்டில் மைய அரசு வகுத்த விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் மேல் எல்லை. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். அங்கு எல்லை இன்னும் குறைவு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. ஆகவே 55 இருக்க வேண்டிய தெருவில் 75 இருந்தால், சற்றே கூடுதல் என்று பொருளன்று. நூறு மடங்கு என்று பொருள். இந்நகரப் போக்குவரத்துக் காவலர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தனர். சில சந்திப்புகளில், காத்திருக்கும் வண்டிகளின் ஹாரன் ஓசை 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒலி எழுப்பினால் காத்திருப்பு நீளும் என்பதே பாடம். ஹாரன் அடிப்பதால் சிவப்பு பச்சையாவதில்லை என்பதைக் கற்றவர்க்கும் கருவி வைத்துப் போதிக்க வேண்டியிருக்கின்றது!

இனி, நம் சிற்றூருக்குச் செல்வோம். ஊரின் அமைதி என்பது ஓசையே இல்லாமை அன்று. விடியற்காலையில் சேவல் கூவும். மடை திறந்த நீர் சலசலக்கும். மழை பெய்த இரவில் தவளைகள் ஓயா. தேரிக்காட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்குக் காற்றில் காய்ந்த பனையோலை உரசும் ஓசை காதைவிட்டுப் போவதில்லை. ஆனால் அங்கு ஒவ்வோர் ஓசைக்கும் உடையவர் உண்டு. இஃது இன்னார் வீட்டுக் கன்று, இஃது இன்னார் மிதிவண்டியின் மணி, இஃது எதிர்வீட்டு ஆச்சியின் இருமல் என்று திண்ணையில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். இருமல் ஒருநாள் கேட்கவில்லையென்றால் எழுந்து போய்ப் பார்ப்பார். நகரத்து ஓசை அப்படிப்பட்டதன்று. ஆயிரம் ஹாரன்கள் ஒலிக்கின்றன. எதற்கும் முகம் இல்லை. நம்மை வருத்துவது ஓசையின் அளவு மட்டுமன்று. அதில் உறவு இல்லாமையும் ஆகும்.

இவ்வளவு சொன்ன பின், ஊரே சுவர்க்கம் என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. தராசின் மறு தட்டையும் பார்ப்போம்.

முதலாவது, ஊர்ச்சாலை பாதுகாப்பானது என்ற எண்ணம் இன்று செல்லாது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மைய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பேர் நாட்டுப்புறப் பகுதிகளில் மாண்டவர்கள். நகரத்து நெரிசல் வண்டியை ஊரச் செய்கின்றது. நாட்டுப்புறத்து அகன்ற சாலை அதைப் பறக்கச் செய்கின்றது. தலைக்கவசம் இல்லாத இளைஞனும், இருட்டில் சாலையைக் கடக்கும் முதியவரும் அங்கு பலியாகின்றனர். அடிபட்டவரைக் கொண்டு சேர்க்கப் பெரிய மருத்துவமனை அருகில் இருப்பதில்லை.

இரண்டாவது, பல ஊர்களின் அமைதி பிள்ளைகள் இல்லாத வீட்டின் அமைதி. இளைஞர் மும்பைக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட, தாயும் தந்தையும் தொலைபேசியின் முன் காத்திருக்கும் அமைதி அது. அதை நிம்மதி என்று சொல்ல நா எழுமா?

மூன்றாவது, ஊரின் அமைதி எல்லோருக்கும் ஒரேபடித்தான அமைதியாக இருந்ததில்லை. காந்தியடிகள் 1909-இல் எழுதிய 'ஹிந்த் சுவராஜ்' நூலில் ரயிலையே குறை கூறினார்; கிராமத்தையே நாட்டின் உயிராகக் கருதினார். அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, கிராமத்தைப் போற்றும் மனப்பான்மையைக் கடுமையாக மறுத்தார். இருவரும் இம்மாநகரில் தங்கி வாழ்ந்தவர்களே. காம்தேவியில் மணிபவனும் தாதரில் ராஜகிருகமும் இன்றும் அதற்குச் சான்று. நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிட்டுப் பிழைத்த நம் முன்னோருள் பலர், அமைதியைத் துறந்து வந்தவர்கள் அல்லர். பசியையும் சாதிக் கொடுமையையும் துறந்து வந்தவர்கள். நெரிசலான ரயில் பெட்டியில் தோளோடு தோள் இடிப்பவன் 'நீ என்ன சாதி?' என்று கேட்பதில்லை. அந்த இடிபாட்டில் ஒரு விடுதலை இருந்தது. அதை மறந்து பேசுவது அம்முன்னோர்க்குச் செய்யும் நன்றியாகாது.

அப்படியானால் முடிவு என்ன? அமைதி என்பது மண்ணின் குணம் அன்று. மனிதர் கட்டிக் காக்கும் ஒழுக்கம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நாளங்காடியும் அல்லங்காடியுமாக ஆரவாரிக்கும் மாநகரைக் காட்டுகின்றது. அந்நகரமே நள்ளிரவில் அடங்கி உறங்குவதையும் காட்டுகின்றது. நகரமும் அடங்கக் கூடும் என்று தமிழன் அன்றே அறிந்திருந்தான்.

ஆகவே நம்மால் இயன்ற சிலவற்றை இன்றே தொடங்குவோம். நம்மில் வண்டி ஓட்டுவோர், உயிர்காக்கும் அவசரம் தவிர ஹாரனைத் தொடுவதில்லை என்று உறுதி கொள்வோம். ஓடும் ரயிலில் தாவி ஏறுவதில்லை, வாயிலில் தொங்குவதில்லை என்று நம் பிள்ளைகளிடம் வாக்குப் பெறுவோம். அடுத்த வண்டி வரும், அடுத்த உயிர் வராது. தொழில் நடத்தும் நம் அன்பர்கள் தம்மிடம் பணிபுரிவோரின் வேலை நேரத்தைச் சற்று முன்பின்னாக அமைத்தால், நெரிசலில் ஒரு தலையேனும் குறையும். கோயில் கொடைக்கு ஊர் செல்லும்போது, இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கும் உண்டு என்பதை எடுத்துச் சொல்வோம். நகரத்துப் பணத்தை ஊருக்கு அனுப்புவது நன்று. நகரத்து இரைச்சலையும் அதனோடு சேர்த்து அனுப்ப வேண்டியதில்லை. இருக்கும் இடத்தில், மாடியில் மேலும் கீழும் குடியிருப்போர் பெயரையாவது அறிந்துகொள்வோம். நான்காம் மாடியில் ஒருவர் இருமினால் மூன்றாம் மாடியில் ஒருவர் செவி கொடுக்கட்டும். அப்போது ஊர் நம்மைத் தேடி வந்துவிடும்.

ஓய்வு பெறும் அன்பர்களுக்கு இறுதியாக ஒரு வார்த்தை. ஊருக்குச் செல்பவர்கள் உறவை நாடிச் செல்லுங்கள்; ஓசையை வெறுத்து மட்டும் செல்லாதீர்கள். செல்லுமுன், மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லத்தரசியின் விருப்பத்தை முதலில் கேளுங்கள். இங்கேயே தங்குபவர்கள், ஊரை இழந்துவிட்டோம் என்று வருந்த வேண்டா. மூன்று தலைமுறை உழைப்பால் இந்நகரின் ஒரு பகுதி நம் ஊராகிவிட்டது. அதை வாழத்தக்க ஊராக ஆக்கும் பொறுப்பும் நம்முடையதே.