சிலந்தியும் கொழுந்தைக் காக்கிறது

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சம்பளம், வேலைநாள், காணி, வீடு என்று நாம் பேச எத்தனையோ இருக்க, இன்று சிலந்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். இதுவும் நம் சம்பளத்தோடும் உடம்போடும் சேர்ந்த விஷயம்தான். பூச்சி விழுந்த மலையில் கொழுந்து குறையும். கிலோ குறைந்தால் அரைப் பேர். பூச்சிக்கு மருந்தடித்தால் அந்த மருந்தைச் சுமப்பதும் சுவாசிப்பதும் நாம்தான். ஆகவே மலையில் எது நமக்கு எதிரி, எது நமக்கு உதவி என்று தெரிந்திருப்பது நம் கடமை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வெயில் காலத்தில் தேயிலை இலை செம்பு நிறமாக மாறினால் 'செஞ்சிலந்தி விழுந்துவிட்டது' என்கிறோம். அது உண்மையில் சிலந்தி அல்ல. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறிய உண்ணி இனம். எட்டுக் கால் இருப்பதால் அந்தப் பெயர் வந்துவிட்டது. அது இலையின் சாற்றை உறிஞ்சும். வலை பின்னும் சிலந்தியும், இலை மேல் பாய்ந்து பாய்ந்து இரை தேடும் சிலந்தியும் இலையைத் தொடுவதே இல்லை. அவற்றின் உணவு பூச்சிகள். தத்திகள், அந்துப்பூச்சிகள், சிறு புழுக்கள் எல்லாம் அவற்றுக்கு இரையாகின்றன. ஒருவர் பெயரால் இன்னொருவர் பழி சுமக்கக் கூடாது.

சிலந்தியிடம் இன்னொரு குணமும் உண்டு. இரை கிடைக்காவிட்டாலும் பல நாள் பட்டினி தாங்கும். பூச்சி குறைந்தவுடன் மலையை விட்டு ஓடிவிடாது. மறுபடி பூச்சி தலையெடுக்கும்போது அங்கேயே காத்திருக்கும். சிலந்தி மட்டும் எல்லாப் பீடையையும் அழித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அது நல்ல பூச்சியையும் சில வேளை தின்றுவிடும். ஆனால் அது இல்லாத மலை காவல் இல்லாத வீடு மாதிரி.

இதற்கு நம் மலைநாட்டிலேயே சாட்சி உண்டு. இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கூடு கட்டி உள்ளிருந்து தின்னும் புழுவை நாம் அறிவோம். முன்னொரு காலத்தில் அது தேயிலைக்குப் பெரும் நாசம் செய்தது. 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். குளவி என்றாலே நமக்கு நெஞ்சு பதறும். கொழுந்து எடுக்கப்போய்க் குளவி கொட்டி உயிரை விட்டவர்கள் நம்மில் உண்டு. இது அந்தக் குளவி அல்ல. கொசு போன்ற மெல்லிய உடம்பு, மனிதரைக் கொட்டாது. புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். அதன்பின் பல வருடங்கள் அந்தப் புழு அடங்கிக் கிடந்தது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். தேயிலைக் கிளையில் குண்டூசி அளவு துளை போடும் வண்டை ஒழிக்க 1950களின் பிற்பகுதியில் டீல்ட்ரின் என்ற கடும் நஞ்சை அடித்தார்கள். வண்டோடு அந்தச் சிறு குளவியும் செத்தது. அடங்கிக் கிடந்த புழு மறுபடி கிளம்பி மலைகளைத் தின்றது. ஒரு பீடைக்கு அடித்த மருந்து இன்னொரு பீடையை வளர்த்துவிட்டது.

நெல் வயலிலும் இதே கதைதான். இந்தோனேசியாவில் நெல்லைக் கருக வைக்கும் கபிலத் தத்திக்கு மருந்து அடிக்க அடிக்க, அதைத் தின்னும் சிலந்திகள் செத்தன, தத்தியோ பெருகியது. கடைசியில் 1986இல் அந்த நாட்டு ஜனாதிபதி 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டார். விவசாயிகளுக்கு வயலிலேயே பயிற்சி கொடுத்தார்கள்: எது பீடை, எது காவல் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று. விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

அதற்காக எல்லா மருந்தையும் ஒரே நாளில் நிறுத்து என்று நாம் கேட்கவில்லை. 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் திடீரென நிறுத்தியபோது என்ன நடந்தது என்பதை நாம் கண்டோம். மேலிருந்து ஒரே இரவில் வரும் உத்தரவின் சுமை கடைசியில் தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது. நாம் கேட்பது பார்த்து, எண்ணி, தேவைக்கு மட்டும் செய்யும் வேலை.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் நிர்வாகத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. மருந்தடிக்கும் முன் மலையைப் பரிசோதித்து, பீடை உள்ள இடத்தில் மட்டும் அடிக்க வேண்டும். மருந்தின் பெயரையும் ஆபத்தையும் தமிழில் சொல்ல வேண்டும். அடிப்பவருக்குக் கையுறை, முகக்கவசம், பூட்ஸ், குளிக்கத் தண்ணீர், சவர்க்காரம் கொடுக்க வேண்டும். அடித்த மலையில் குறித்த நாள் கழியும் வரை கொழுந்துக்கு ஆள் விடக் கூடாது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சி உத்தியோகத்தருக்கு மட்டுமல்ல, கொழுந்தெடுக்கும் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும். மலையைத் தினமும் பார்ப்பது அவர்களின் கண்தான்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. வலையைக் கண்டதும் சிலந்தியை அடித்துக் கொல்ல வேண்டாம்; ஒதுக்கிவிட்டு எடுங்கள். கவ்வாத்து வெட்டிய இலை தழையை இயன்றவரை மலையிலேயே விடுங்கள். மண்ணுக்கு உரம், சிலந்திக்கு மறைவிடம். ஆனால் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தியைக் கையால் தொடாதீர்கள். கடித்தால் கடும் வலி தரும். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இந்த மலையைக் காடாக இருந்த காலத்திலிருந்து வளர்த்தவர்கள் நாம். அதைக் காப்பது எப்படி என்று பேசும் உரிமையும் நமக்கு உண்டு. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோம், தோழர்களே.