காட்டியவனும் கண்டவனும்

(நெட்டுக்குப்பத்தில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழிலக்கணத்தில் தன்வினை, பிறவினை என இரண்டு உண்டு. 'கண்டான்' என்பது தன்வினை. 'காட்டினான்' என்பது பிறவினை. காட்டுதல் ஒருவன் வினை. காணுதல் இன்னொருவன் வினை. எத்துணை வன்மையாகக் காட்டினும் காட்டியவனே காண்பவனாகிவிட இயலாது. இவ்விரு வினைகளுக்கும் இடையே உள்ள சிறு வெளியில்தான் மாந்தனின் விருப்புரிமை நிற்கின்றது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் நாள்தோறும் யாரேனும் ஒருவரின் இழிவைக் கொணர்ந்து காட்டும் இக்காலத்தில், அவ்வெளியைத் தமிழர் மறந்துவிடலாகாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னை நகரமே ஒன்றைக் கண்டிருக்கின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சி.என். இலக்குமிகாந்தன் என்பார் 'சினிமா தூது' என்னும் இதழை நடத்தினார். நடிகர், நடிகையரின் தனிவாழ்வைப் பற்றிய பழிப்பேச்சே அதன் முதல். எழுதாமலிருக்கப் பணம் கொடுத்தவர் பலர் என்பர். எம்.கே. தியாகராச பாகவதரும், கலைவாணர் என்.எசு. கிருட்டிணனும், இயக்குநர் சிரீராமுலுவும் ஆளுநரிடம் முறையிட்டனர். இதழின் உரிமம் நீக்கப்பட்டது. அத்துடன் ஓய்ந்ததா? இல்லை. 'இந்து நேசன்' என்னும் வேறோர் இதழ் அவர் கைக்கு வந்தது. பழைய வாணிகம் புதிய பெயரில் நடந்தது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பணம் கொடுத்தவர் யாருக்கு அஞ்சிக் கொடுத்தனர்? ஒரு தனி ஆளின் எழுதுகோலுக்கா? அச்சிட்ட தாள் விற்காமல் கட்டுக் கட்டாகக் கிடந்திருக்குமாயின் எவரும் அஞ்சியிருக்க மாட்டார். அவர்கள் அஞ்சியது, அத்தாளைக் காசு கொடுத்து வாங்கி, தேநீர்க் கடையிலும் திண்ணையிலும் படித்துச் சிரித்து, அடுத்தவர்க்கும் சொல்லி மகிழ்ந்த மக்களின் வாய்க்கே ஆகும். மிரட்டியவர் ஒருவர், மிரட்டலுக்கு வலிமை தந்தவர் ஆயிரவர். அரசு உரிமத்தை நீக்கியும் பயனில்லாது போனதன் கரணியமும் இதுவே. உரிமம் அரசின் கையில் இருந்தது. வாங்கும் காசோ மக்களின் மடியில் இருந்தது.

1944 நவம்பர் 8ஆம் நாள், வேப்பேரியில் இழுவண்டியில் சென்றுகொண்டிருந்த இலக்குமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். பழி எழுதியவராயினும் அவரும் ஓர் உயிரே. அவரைக் கொன்றது கொலையே. இதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. பாகவதரும் கலைவாணரும் சிரீராமுலுவும் பிறர் சிலரும் தளைப்படுத்தப்பட்டனர். 1945இல் சிரீராமுலு விடுவிக்கப்பட்டார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் வாழ்நாள் ஒறுப்பு விதிக்கப்பட்டது. சான்றுகள் அனைத்தையும் கேட்டிருந்த நடுவர் ஒன்பதின்மருள்ளும் மூவர் குற்றமென ஒப்பவில்லை. வழக்கு இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் வரை சென்று, மீண்டும் கேட்கப்பட வேண்டுமெனத் திரும்பிவந்தது. 1947 ஏப்பிரலில் சென்னை உயர்வழக்குமன்றம் இருவரையும் விடுவித்தது. அதற்குள் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன.

இவ்விடைக்காலத்தில் மக்கள் எங்கிருந்தனர்? 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'அரிதாசு' திரைப்படம், தென்புறத்தே உள்ள பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நடித்தவர் சிறைக்குள், அவர் நிழல் திரைமேல். அவர் பாட்டுக்கு உருகியவரும் அவர் பழிக்குச் செவி கொடுத்தவரும் ஓரூரினரே. விடுதலைக்குப் பின் கலைவாணர் மீண்டும் எழுந்தார். பாகவதரின் பழைய ஒளி மீளவில்லை. மக்களின் சுவை மாறியதும் அதற்கொரு கரணியமாகலாம். எனினும், ஒன்று உறுதி. வழக்குமன்றம் ஒருவனுக்கு விடுதலையைத் திருப்பித் தரும். ஊர் வாயில் தேய்ந்த பெயரைத் திருப்பித் தர எந்த மன்றத்தாலும் இயலாது.

"எழுதியவன் பொய்யெழுதினால் படித்தவன் என் செய்வான்? ஏமாற்றப்பட்டான், அவ்வளவே" என்பர் சிலர். 'ஏமாற்றப்பட்டேன்', 'தூண்டப்பட்டேன்', 'இழுக்கப்பட்டேன்' எனத் தன் செயலையெல்லாம் செயப்பாட்டு வினையாக்கிக் கொள்வது பொறுப்பினின்று நழுவுவார்க்கு எளிய வழி. தமிழிலக்கணம் அவ்வழியை அடைத்துவிட்டது. கோயிலைக் கட்டுவித்த அரசனும் வினைமுதல். உளி பிடித்த தச்சனும் வினைமுதல். முன்னவன் ஏவுதல் வினைமுதல். பின்னவன் இயற்றுதல் வினைமுதல். ஒருவன் இருப்பதால் மற்றவன் இல்லாமற் போவதில்லை. பொய்யெழுதியவனின் குற்றத்தில் அணுவளவும் குறையாது; அதனால் பரப்பியவனின் குற்றமும் குறையாது.

"எல்லாம் ஊழ்" என்பாரும் உளர். ஊழ்வினையின் வலிமையைக் காட்டுதற்கென்றே எழுந்த காப்பியங்களுள் ஒன்று சிலப்பதிகாரம். ஆயினும், அதில் பாண்டியன் நடந்துகொண்ட முறையை நோக்குக. தேவியின் ஊடல் தணிக்க விரைந்து செல்லும் வழியில் பொற்கொல்லன் ஒரு பழியைச் சொல்கின்றான். சான்று கேளாமல், எதிரியை அழைத்து வினவாமல், அரசன் சொல்லொன்றை வீசிவிட்டுப் போகின்றான், கோவலன் வெட்டுண்கின்றான். பின், கண்ணகியின் சிலம்பு உடைந்து மணி தெறித்தபோது, "பொற்கொல்லன் என்னை ஏமாற்றினான்" என அவன் கூறவில்லை. "ஊழ் என்னைச் செய்வித்தது" எனவும் கூறவில்லை. கள்வன் என்னும் பெயரைத் தன்மேலேயே ஏற்றுக்கொண்டு அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான். காப்பியம் ஊழைப் பேசுகின்றது. அதில் வரும் அரசனோ ஊழின் பின்னே ஒளிந்துகொள்ளவில்லை. இதுவே தமிழ்நெறி.

அன்று இதழை வாங்கியவன் படிப்பவனாக மட்டுமே இருந்தான். இன்று கைப்பேசி உடையவன் எவனும் தானே அச்சகம், தானே விற்பனையாளன். ஒரு விரலசைவில் ஒரு பழி நூறு வீடுகளுக்குச் செல்கின்றது. ஆகலின் பொறுப்பு குறையவில்லை, பெருகியிருக்கின்றது.

அங்ஙனமாயின் இழிசெயல்களைக் கேட்டும் கேளாதார்போல் இருந்துவிடுவதா? அன்று. 2019இல் வெளிப்பட்ட பொள்ளாச்சிக் கொடுமையை நினைக. பெண்களை ஏமாற்றிக் கொடுமை செய்து, அதனைப் படமும் பிடித்தது ஒரு கூட்டம். அக்காட்சியின் பகுதி கைப்பேசிகளில் பரவியது. கண்டவருள் ஒரு சாரார் அதனைப் பிறருக்கு அனுப்பினர். அனுப்பிய ஒவ்வொரு முறையும் அப்பெண்ணின் துயர் மீண்டும் நிகழ்ந்தது. மற்றொரு சாரார் தெருவில் இறங்கி முறை கேட்டனர்; மாணவர் வகுப்புகளை விட்டு வெளிவந்தனர். 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் வழக்குமன்றம் ஒன்பதின்மருக்குச் சாகும்வரை சிறை விதித்தது. இரு சாராருக்கும் காட்டப்பட்டது ஒன்றே. இரு சாராரும் செய்தது ஒன்றன்று. விருப்புரிமை உண்டென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. பழி பேசுதல் வேறு. முறை கேட்டல் வேறு. முன்னது துயருற்றவரைக் காட்சிப்பொருளாக்கும். பின்னது அவர்க்குத் துணை நிற்கும்.

பார்வையை எங்கே செலுத்துவது என்பதும் ஒரு வினையே. அதன் விளைவை நெட்டுக்குப்பத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பாற் கடலில் இரு கப்பல்கள் மோதின; கரையொதுங்கிய எண்ணெயை இளைஞர்கள் வாளியால் அள்ளினர். 2023 திசம்பரில் புயல்வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், முகத்துவாரத்தையும் படகுகளையும் வலைகளையும் கருக்கியது. அம்மாத இறுதியிலேயே பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். செய்தியாளர் வந்தனர், காட்டினர், சென்றனர். நடிகர் ஒருவரின் மணமுறிவைத் திங்கட்கணக்கில் பேசும் தமிழகம், இம்முகத்துவாரத்தைப் பற்றி எத்துணை நாள் பேசிற்று? "ஊடகம் காட்டவில்லை" என்பது அரை விடையே. எதைக் கேட்கின்றார்களோ அதைத்தான் கடைக்காரன் மிகுதியாக வாங்கி வைக்கின்றான். பழிப்பேச்சுக்குச் செலவாகும் ஒவ்வொரு நாழிகையும், கேட்கப்பட வேண்டிய முறையொன்றினின்று பறிக்கப்பட்டதே.

மீனவப் பெருமக்கள் அறிந்த ஒன்றே இதற்கும் வழியாகும். வலையில் விழுந்ததெல்லாம் கூடைக்குப் போவதில்லை. கரையில் கொட்டி, ஆய்ந்து, வேண்டுவதை எடுத்து, வேண்டாததை நீக்கிய பின்னரே கூடை தலைக்கேறும். செய்தியையும் அங்ஙனமே ஆய்தல் வேண்டும். இதற்குச் சான்று என்ன? இதைப் பரப்புவதால் துன்புறுவார் யார்? இதை அறிந்தபின் செய்ய வேண்டிய கடமை ஏதேனும் உண்டா? இம்மூன்றுக்கும் விடை காணாமல் வாயையோ விரலையோ அசைத்தல் கூடாது. விடை கண்டபின், பேச வேண்டியதை எவர்க்கும் அஞ்சாமல் பேசுதல் வேண்டும். வள்ளுவப் பெருந்தகை ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். தமிழர் முன்னதைச் சாக்காகக் கொள்ளாது பின்னதைக் கடனாகக் கொள்வாராக!