‘மார்க்’ என்னும் ஒரு சொல்

கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைப் பகுதியில், ‘வெளி’ என்று ஓர் இடம் உண்டு. அங்குள்ள சலவைத்துறையில் தமிழ் வண்ணார் குடும்பத்தினர் தொழில் செய்து வருகின்றனர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறும் வரலாறு. இன்றுள்ள சலவைக்கூடம் 1976-இல் அமைந்தது. பல வீட்டுத் துணிகள் ஒன்றாய்க் கலந்து வெளுக்கப்படும் இத்தொழிலில் இன்ன துணி இன்னாருடையது என்று காட்டுவது எது? துணியின் ஓரத்தில் இடும் சிறு குறியே. அதனை ஆங்கிலத்தில் ‘மார்க்’ என்பர். அச்சொல்லைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

நம் நாட்டு வண்ணார் முற்காலத்தில் சேங்கொட்டைச் சாற்றால் குறியிட்டனர். சுண்ணாம்பு சேர்ந்தால் அக்கறுப்பு நீரில் கரையாது. எத்தனை வெளுப்புக்கும் அசையாது. அதனாலேயே ஆங்கிலேயர் சேங்கொட்டைக்கு ‘மார்க்கிங் நட்’ என்று பெயரிட்டனர். இங்கே ஒரு விந்தை உண்டு. துணியில் படிந்த கறையும் ஆங்கிலத்தில் ‘மார்க்’; அத்துணியின் உரிமையாளரைக் காட்டும் குறியும் ‘மார்க்’. ஒன்றைப் போக்கவேண்டும், மற்றொன்றைப் போகாமற் காக்கவேண்டும்!

இச்சொல்லின் பழம்பொருள் ‘எல்லை’ என்பதாம். டென்மார்க் என்னும் நாட்டின் பெயரில் அப்பொருள் இன்றும் எஞ்சி நிற்கின்றது. எல்லையைக் காட்ட நட்ட அடையாளத்துக்கும், பின்னர் எவ்வகை அடையாளத்துக்கும் அதுவே பெயராயிற்று. பள்ளியில் அது மதிப்பெண், உடலில் தழும்பு, மண்ணில் தடம், வில்லாளிக்கு இலக்கு, வணிகனுக்கு முத்திரை. வேளாண் பொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிட 1937-இல் ஒரு சட்டம் பிறந்தது. ‘அக்மார்க்’ என்னும் பெயர் அதன்வழி வந்ததே. நாமோ, ‘அக்மார்க் தமிழர்’ என்று மனிதருக்கும் அம்முத்திரையைக் குத்திவிட்டோம்!

மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையான வில்லிங்டன் தீவில் கப்பல்கள் வந்து நிற்கும். கப்பலின் பக்கத்தில் ஒரு வட்டமும், அருகே சில கோடுகளும் தீட்டப்பட்டிருக்கும். சாமுவேல் பிளிம்சால் என்பார் மாலுமிகளின் உயிரைக் காக்கப் போராடியதன் பயனாக 1876-இல் பிரிட்டனில் சட்டமான சுமைக்குறி அது. அதற்கும் ‘மார்க்’ என்றே பெயர். கடல்நீருக்கு ஒரு கோடு, நன்னீருக்கு ஒரு கோடு என வெவ்வேறாக இருக்கும். ஏனெனில், அதே கப்பல் அதே சுமையுடன் நன்னீரில் சற்று ஆழமாக அமிழும். சொல்லும் அத்தகையதே. அது நிற்கும் நீரை அறிந்தே அதன் ஆழத்தை அளக்கவேண்டும்.

இதற்கு ஆங்கிலம் வரை செல்ல வேண்டுவதில்லை. நம் ‘குறி’ என்னும் சொல்லே சான்று. குறி பார்த்து எய்கின்றோம். குறி சொல்பவரிடம் வருங்காலம் கேட்கின்றோம். குறிப்பும் குறிக்கோளும் இதிற் பிறந்தவையே. கொச்சியில் அது மேலும் கிளைத்துள்ளது. மலையாளத்தில் சந்தனக்குறி நெற்றியில் இடுவது. கல்யாணக்குறி திருமண அழைப்பிதழ். ‘இக்குறி’ என்றால் இம்முறை. தனியே குறி என்றாலோ சீட்டு! கொச்சிச் சமஸ்தானத்தில் சீட்டு நடத்துவதற்கென இருந்த சட்டத்துக்குக் ‘குறிச் சட்டம்’ என்பதே பெயர். “எனக்குக் குறி கிட்டியது” என்று அண்டை வீட்டார் மகிழ்ந்து சொன்னால், புதிதாக வந்த தமிழர் யாரோ சோதிடம் சொன்னதாக எண்ணித் திகைப்பார். நாமும் தொடக்கத்தில் அவ்வாறு திகைத்தவர்களே.

இவையெல்லாம் வேடிக்கைக்காக மட்டும் கூறியவை அல்ல. பிற மொழிகளினிடையே வாழும் நம் வீடுகளில் ஒரு குறை மெல்ல வளர்ந்து வருகின்றது. தேர்வில் பெற்றதும் மார்க், சுவரில் பட்டதும் மார்க், முழங்காலில் இருப்பதும் மார்க் என்று பேசிப் பழகுகின்றோம். பள்ளியில் தமிழ் கற்கும் வாய்ப்பில்லாத குழந்தைக்கு வீடு ஒன்றே தமிழ்ப் பள்ளி. நம் வாயினின்று வராத சொல்லை அக்குழந்தை வேறெங்குக் கேட்கும்? கறை, தழும்பு, தடம், முத்திரை, இலக்கு என்னும் சொற்கள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டு வெளியேறிவிடும். அவற்றோடு, அவை பிரித்துக் காட்டிய நுண்மையும் போய்விடும்.

‘மார்க்’ என்பதை விலக்குமாறு நாம் கூறவில்லை. அது பள்ளியில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் குழந்தை முழங்காலைக் காட்டி “மார்க்” என்று சொல்லும்போது, “ஆம், இது தழும்பு, நீ மாமரத்திலிருந்து விழுந்த அன்று பட்டது” என்று கூறுவோமாக. சொல்லோடு ஒரு கதையும் அதன் நெஞ்சில் பதியும். தலைமுறைகள் பல கடந்தும் வெளியின் வண்ணார் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி இன்றும் தமிழே. எத்தனை வெளுப்புக்கும் போகாத குறி அதுவன்றோ!